பின் டிஸ்க் மட்டும் ஏன் துருப்பிடிக்கிறது? செம்பூரிலிருந்து ஓர் அனுபவம்

போன வருஷம் மழை ஓய்ந்ததும் காரை சர்வீஸுக்கு விட்டோம். கையில் கொடுத்த எஸ்டிமேட்டில் ஒரு வரி மட்டும் உறுத்தியது. பின் சக்கரங்களின் பிரேக் டிஸ்க் இரண்டும் துருப்பிடித்துவிட்டன, அவற்றை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளோடு சேர்த்து மாற்றியாக வேண்டும் என்று போட்டிருந்தார்கள். முன் சக்கரத்து டிஸ்க் எப்படி என்று கேட்டேன். "ஆகேவாலா ஏக்தம் பட்டியா", முன்னால் இருப்பது அருமையாக இருக்கிறது என்றார் சர்வீஸ் அட்வைசர். முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி அது. பிரேக் போட்டால் பாரத்தைத் தாங்குவது முன் சக்கரம்தான் என்பது கார் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். உழைக்கிறது நன்றாக இருக்கிறதாம், சும்மா இருக்கிறது கெட்டுப்போய்விட்டதாம். இது ஏன் என்று தெரியாமல் பணம் கட்ட மனசு வரவில்லை.

கேட்டதற்கு, "மும்பை ஹை மேடம், பாரிஷ், சமுந்தர்" என்று கையை விரித்தார். மழையும் உப்புக்காற்றும் முன் சக்கரத்துக்கும் சேர்த்துத்தானே அடிக்கிறது? அதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆயில், ஃபில்டர் வேலையை மட்டும் முடிக்கச் சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு, அந்த வாரமே தாராவியில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். தூத்துக்குடிக்காரர். உப்புக்காற்றும் இரும்பும் அவருக்குப் புதுசு இல்லை.

எங்கள் வண்டி ஓடுகிற ஓட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் இந்தக் கதை புரியாது. வீடு மும்பை செம்பூரில். வீட்டுக்காரர் ஹார்பர் லைன் லோக்கலில் ஆபீஸ் போகிறார், நான் பாந்த்ரா-குர்லா ஆபீஸ் வளாகத்துக்கு பஸ். கார் வெளியே வருவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. செட்டா நகர் முருகன் கோயில், மாட்டுங்காவில் பூவும் காய்கறியும், எப்போதாவது முலுண்டில் நாத்தனார் வீடு. மற்ற நாளெல்லாம் காம்பவுண்டுக்குள் ஹேண்ட்பிரேக் போட்டு நிற்கும். மும்பையில் பாதிக் குடும்பங்களின் கார் இப்படித்தான் நிற்கிறது.

அண்ணாச்சி வீலைக் கழற்றினார். இடது பக்கத்து டிஸ்க்கின் வெளிமுகத்தில் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் பளபளப்பு. அதற்கு மேலேயும் கீழேயும் செம்பழுப்பாகத் துரு ஏறி, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. வலது பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி, வெளிமுகம் ஓரளவு சுத்தமாகவே இருந்தது. அண்ணாச்சி சிரித்துவிட்டு என் போனை வாங்கி, டார்ச்சைப் போட்டு, டிஸ்க்குக்குப் பின்னால் நீட்டி ஒரு போட்டோ எடுத்துக் காட்டினார். உள்முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக அரித்த குழிகள். "வெளிய பாத்து ஏமாந்துரக் கூடாதும்மா. உள்ள இருக்கதுதான் நெசம்" என்றார்.

அப்புறம், டிஸ்க்கைக் கவ்வியபடி பேடுகளைப் பிடித்திருக்கும் கேலிப்பரைக் கழற்றியபோதுதான் விஷயம் பிடிபட்டது. இந்த மாதிரிக் குடும்பக் கார்களில் பின் சக்கரக் கேலிப்பருக்கு உள்பக்கம் மட்டும்தான் பிஸ்டன் இருக்கும். பிரேக்கை மிதித்தால் பிஸ்டன் உள்பேடை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்தும். அதன் எதிர்விசையில் கேலிப்பர் முழுவதும் 'பின்' எனப்படும் இரண்டு சறுக்குக் கம்பிகள் மேல் சறுக்கி வந்து, வெளிப்பேடையும் இழுத்து டிஸ்க்கில் அழுத்தும். எங்கள் வண்டியின் இடது பக்கத்தில் அந்த இரண்டு பின்களில் ஒன்று அசையவே இல்லை. ரப்பர் உறை கிழிந்து உள்ளே தண்ணீர் போய், கிரீஸ் காய்ந்து கருப்பாகிக் கெட்டித்திருந்தது. அதனால் உள்பேட் தேய்ந்து பாதியாகியிருக்க, வெளிப்பேட் ஏறக்குறைய புதுசு மாதிரியே இருந்தது. வெளிமுகத்தைத் தொட்டுத் துடைக்க ஆளில்லை, துரு குடியேறிவிட்டது. வலது பக்கத்தில் பின்கள் நன்றாகத்தான் சறுக்கின. ஆனால் உள்பேடின் இரண்டு காதுகளும் (ஓரத்தில் நீட்டியிருக்கும் முனைகள்) உட்காரும் பிராக்கெட் துருவேறிப் பருத்து, பேடைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை ஸ்க்ரூடிரைவரால் தட்டித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

சர்வீஸ் சென்டர் சொன்னது பொய் இல்லை. டிஸ்க்கின் விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். எங்களுடையதில் 8 மில்லிமீட்டர், புதுசாக இருக்கும்போது 10. வெர்னியர் வைத்துப் பார்த்ததில் ஒன்பதரைக்கு மேலேயே இருந்தது, அதனால் தேய்மானம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் வலது உள்முகக் குழிகள் போகும்வரை லேத்தில் கடைந்தால் எட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். "கடைஞ்சு குடுத்துருவேன், ஒரு வருசம் ஓடும். பெறகு மறுபடி வருவீய" என்றார் அண்ணாச்சி. இடது, வலது இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். கடைசியில் இரண்டு டிஸ்க்கையும் நான்கு பேடையும் மாற்றியே விட்டோம்.

எனக்கு வருத்தம் வேறு. எஸ்டிமேட்டில் டிஸ்க் இருந்தது, பேட் இருந்தது, லேபர் இருந்தது. இறுகிப்போன கேலிப்பர் பின்னும் துருப்பிடித்த பிராக்கெட்டும் எந்த வரியிலும் இல்லை. அவற்றைத் தொடாமல் புது டிஸ்க் மாட்டியிருந்தால் அடுத்த மழை முடிந்ததும் இதே எஸ்டிமேட்டை மறுபடி கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் பில்லில் 'பிரேக் கிளீனிங்' என்று ஒரு தொகை வந்துகொண்டுதான் இருந்தது. ஸ்பிரே அடித்து, காற்றுக் குழாயைப் பிடித்து, வீலை மாட்டிவிடுவதுதான் அந்தக் கிளீனிங் என்பது அந்தக் கேலிப்பர் பின்னைப் பார்த்தாலே தெரிந்தது.

சரி, முன் சக்கரம் ஏன் தப்பித்தது? டிஸ்க் என்பது வார்ப்பிரும்பு. பேட் உரசுகிற முகத்தில் பெயிண்டோ எண்ணெயோ இருக்கவே கூடாது, வெறும் இரும்பாகத்தான் இருக்க வேண்டும். அதனால் நனைந்தால் சில மணி நேரத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் ஒரு படலம் பிடித்துவிடும். காலையில் வண்டியை எடுத்து நாலு தடவை பிரேக் போட்டால் அது உரசிப் போய்விடும். மும்பையில் ஜூலை மாதம் எல்லா வண்டியின் முன் டிஸ்க்கும் ராத்திரி துருப்பிடித்து, காலையில் சுத்தமாகிக்கொண்டுதான் இருக்கிறது. பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால், நிறுத்துகிற வேலையில் சுமார் எழுபது சதவீதமோ அதற்கு மேலோ முன் சக்கரங்கள் தலையில்தான் விழுகிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் இருக்கிற வண்டியில் கேட்கவே வேண்டாம். பின் சக்கரத்துக்கு அதிக அழுத்தம் கொடுத்தால் அது பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும் என்பதால், அழுத்தத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற எலக்ட்ரானிக்ஸும் அங்கே கையை இறுக்கித்தான் பிடிக்கிறது. டிக்கி காலி, பின் சீட் காலி, முன்னால் இரண்டு பேர், சயான் சிக்னல் டிராஃபிக்கில் ஊர்கிற வேகம். இந்த நிலையில் பின்பேட் டிஸ்க்கை லேசாகத் தொட்டு விடுவதோடு சரி. படலம் பாதி போகும், பாதி தங்கும். தங்கியது அடுத்த நாள் கெட்டியாகும். கெட்டியான துரு பேடைத் தின்னும், பளபளப்பான பட்டை வருஷா வருஷம் குறுகிக்கொண்டே வரும்.

"இரும்பு தோசைக்கல் மாதிரிதாம்மா. தெனமும் தோசை ஊத்துனா துருப்பிடிக்குமா?" என்றார் அண்ணாச்சி. கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்தால் கல் என்ன கதியாகும் என்பது வீட்டில் சமைக்கிறவர்களுக்குத் தெரியும்.

உப்புக்காற்றுக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. செம்பூரின் ஒரு பக்கம் தாணே ஊர்க் கழிமுகத்தை ஒட்டியது. வடாலா, பாண்டுப் ஆகிய இடங்களின் பக்கமெல்லாம் உப்பளங்கள். காற்றில் வருகிற உப்பு இரும்பின் மேல் படிந்தால் ஈரத்தைச் சீக்கிரம் காயவிடாது, துருப்பிடிக்கிற வேகத்தையும் கூட்டும். ஆனால் எங்கள் வண்டிக்கு மழையையும் கடலையும்விடப் பெரிய எதிரி காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தது. காரைத் துடைக்க வருகிற பையன்தான் அது. பாவம், அவன் மேல் தப்பே இல்லை.

மும்பையில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். விடியற்காலையில் வாளியும் துணியுமாக வருவான், மாதச் சம்பளம், ஒரு சொசைட்டியில் இருக்கிற முக்கால்வாசி வண்டிகள் அவன் பொறுப்பு. மேலே ஈரத்துணியால் துடைத்து முடித்ததும் வாளியில் மிஞ்சிய தண்ணீரை நான்கு சக்கரத்தின் மேலும் பளிச் பளிச்சென்று ஊற்றிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். அலாய் வீல் பளபளக்கும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்தத் தண்ணீர் டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவில் தங்கி, ஹேண்ட்பிரேக் அழுத்தத்தில் அங்கேயே கிடந்து காயும். மறுநாள் மறுபடி ஊற்றுவான். வண்டி ஞாயிற்றுக்கிழமைதான் நகரும். மழையே இல்லாத பிப்ரவரி மாதத்திலும் எங்கள் பின் டிஸ்க் தினமும் குளித்துக்கொண்டிருந்தது! நகர்த்தும்போது பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வருமே, அது பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிற சத்தம்தான். ஒட்டிய இடத்தில் பேட் அளவுக்கு ஒரு கருப்பு அச்சும் விழும்.

அவனிடம் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதே என்று சொன்னபோது, சம்பளத்தைக் குறைக்கப் போகிறோமோ என்றுதான் முதலில் பயந்தான். காசு அதேதான், ஞாயிறு காலையில் நாங்கள் கிளம்புவதற்கு முன்னால் மட்டும் சக்கரத்தைக் கழுவு, மற்ற நாள் மேலே துடைத்தால் போதும் என்று வீட்டுக்காரர் புரியவைத்தார். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பைசா செலவில்லை. நாங்கள் செய்த எல்லாவற்றிலும் அதிகப் பலன் கொடுத்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

மாமனார் வேறு ஒரு வைத்தியம் சொன்னார். "லேசா தேங்காய் எண்ணெய் தடவி வெச்சா துரு அண்டாதேம்மா." அரிவாள்மனைக்கும் கதவுக் கீலுக்கும் சரி மாமா, பிரேக் டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் பேட் அதை உறிஞ்சிவிடும், அப்புறம் வண்டி நிற்காது என்று சொல்லி நிறுத்த வேண்டியதாயிற்று. துருநீக்கி ஸ்பிரேயை டிஸ்க்கில் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டிஸ்க்கில் அடிக்கக்கூடியது பிரேக் கிளீனர் ஒன்றுதான். அது எதையும் மிச்சம் வைக்காமல் ஆவியாகிவிடும்.

வேலை நடந்தபோது பக்கத்தில் நின்று பார்த்ததில் சில விஷயங்களைக் குறித்து வைத்துக்கொண்டேன், உங்களுக்கும் உதவும். புது டிஸ்க் மாட்டுவதற்கு முன் அது உட்காருகிற ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். அங்கே ஒரு செதில் இருந்தாலும் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, பிரேக் போடும்போது பெடல் துடிக்கும். புது டிஸ்க்கில் கம்பெனியிலேயே பூசியிருக்கிற எண்ணெயைக் கழுவ வேண்டும். பின்களுக்குப் போடுகிற கிரீஸ் அதற்கென்று விற்கிற சிலிகான் கிரீஸாக இருக்க வேண்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உறை ஊதிப்போய் மறுபடி இறுகிக்கொள்ளும். அப்புறம், பின் சக்கரக் கேலிப்பரோடு ஹேண்ட்பிரேக் சேர்ந்து வருகிற வண்டிகளில் பிஸ்டனை நேராக அழுத்தினால் உள்ளே போகாது, திருகித்தான் உள்ளே விட வேண்டும். சி-கிளாம்ப் போட்டு இறுக்குகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பட்டனை அழுத்தினால் ஹேண்ட்பிரேக் விழுகிற வண்டி என்றால் ஸ்கேனர் போட்டு சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் கையே வைக்கக்கூடாது.

புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடு ஒன்று பழக வேண்டும். ஆளில்லாத காலை நேரத்தில், பின்னால் வண்டி வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, அறுபதிலிருந்து இருபது வரை கொஞ்சம் அழுத்தமாக வேகத்தைக் குறைத்து, முழுசாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுக்க வேண்டும். இப்படி ஏழெட்டுத் தடவை செய்தபின் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தக் கூடாது.

இதே வேலையை லேசான அளவில் வாரா வாரமும் செய்கிறோம். புதன் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய் வருகிறார். முதலில் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் போய் வந்தார். பதினாறு கிலோமீட்டருக்கு மேல் சிக்னலே இல்லாத ரோடு, ராத்திரியில் பிரேக்கில் கால் வைக்கவே வேலை இருக்காது. இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் நல்லது, டிஸ்க்குக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இப்போது திரும்பும்போது வடாலா வழியாக சிக்னல்களில் நின்று நின்று வருகிறார். இடத்திலேயே நிறுத்தி இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சக்கரம் சுற்றாவிட்டால் டிஸ்க்குக்கு அது கணக்கே இல்லை.

எப்போது பயப்பட வேண்டும், எப்போது விட்டுவிடலாம்? காலையில் டிஸ்க் முழுக்க ஒரே சீரான ஆரஞ்சு, கிளம்பினதும் சரசரவென்று ஒரு சத்தம், தெருமுனை தாண்டுவதற்குள் இரண்டும் போய்விட்டால் கவலையே வேண்டாம். விளிம்பில் மெல்லிய துரு வரம்பு எல்லா வண்டிக்கும் இருக்கும். ஓட்டி வந்த பிறகும் பளபளப்பான பட்டை குறுகலாக இருந்தாலோ, கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தாலோ, உறுமல் சத்தம் நிற்காவிட்டாலோ வீலைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அனலடித்தால், அங்கே பேட் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கையை ரிம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும், டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். உள்முகத்துக்கு அண்ணாச்சி செய்த போன் டார்ச் வித்தைதான். அலாய் வீல் இடைவெளியிலேயே பல வண்டிகளில் கேமரா நுழையும்.

மும்பையில் வண்டிக்குப் பருவம் இரண்டுதான், மழைக்கு முன், மழைக்குப் பின். இங்கே மழை வழக்கமாகத் தொடங்கும் நாள் ஜூன் 11 என்று வானிலைத் துறை வைத்திருக்கிறது, விடைபெறுவது அக்டோபர் 8. அதனால் மே மாதக் கடைசியில் ஒரு சர்வீஸ், மழை முடிந்ததும் ஒரு பார்வை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மே மாதத்தில் கேலிப்பர் பின்களுக்குக் கிரீஸ், வைப்பர் ரப்பர், டயர். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் சட்டத்துக்குப் போதும், தண்ணீர் தேங்கிய ரோட்டுக்குப் போதாது. மூன்றுக்குக் கீழே வந்தால் நான் மழைக்கு முன்பே மாற்றிவிடுவேன். பானெட்டைத் திறந்து, கண்ணாடிக்குக் கீழே இருக்கிற வடிகாலில் அடைத்திருக்கும் இலை தழைகளை அள்ளி எடுங்கள். எங்கள் சொசைட்டி குல்மோகர் மரம் மே மாதம் முழுக்க அங்கேதான் பூ கொட்டும். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு வரும், அப்புறம் நாற்றம் தீபாவளி வரைக்கும் போகாது. பிரேக் ஆயிலையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்து ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீத அளவு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். பிரேக் சூட்டில் ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது, அதனால் கண்டாலா மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் இறங்கும்போது இந்த வித்தியாசம் உயிர் விஷயம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறோம், மலைப்பாதையில் இறங்கும்போது கியரைக் குறைத்துக்கொள்கிறோம்.

மழை மாதங்களில் ஒரு பழக்கம் மட்டும் போதும். வீட்டுக்குத் திரும்பும் கடைசித் தெருவில் மூன்று நான்கு தடவை பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தமாகப் போட்டு டிஸ்க்கைச் சூடேற்றிக் காயவைத்துவிட்டு உள்ளே கொண்டுவந்து நிறுத்துங்கள். ஈரத்தோடு நிறுத்த நேர்ந்தால், தரை சமமாக இருக்கும் பட்சத்தில், ஹேண்ட்பிரேக் வேண்டாம். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். கட்டை டிக்கியிலேயே கிடக்கட்டும், வண்டியை எடுக்கும்போது மறக்காமல் கட்டையை எடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவர் போடுவது மழையில் நனைய விடுவதைவிடக் கெடுதல், உள்ளே புழுங்கிக்கொண்டே இருக்கும். கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் நின்றால் மாட்டுங்கா வேலையெல்லாம் மறுநாள்தான். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதைப் பார்த்தவர்கள் இதற்கு வாதாட மாட்டார்கள். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு சாவித் திருப்பலில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுக்காத இன்சூரன்ஸில் அது பெரும்பாலும் கிடைக்காது.

மழைக்குப் பிந்திய பார்வைக்கு எங்கள் வீட்டில் ஆயுத பூஜைதான் நாள். மழை விடைபெறுகிற சமயத்திலேயே வந்துவிடுகிறது. அன்றைக்கு மட்டும் ஒரு சிக்கல். வண்டியைத் தலைமுதல் கால்வரை குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கி ஒரு அடி நகர்த்தி, அதோடு ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நிறுத்திவிடுவோம். பின் டிஸ்க்குக்கு இதைவிடக் கெட்ட நாள் இருக்க முடியாது. இப்போது பூஜை முடிந்ததும் செட்டா நகர் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் நிறுத்துகிறோம். மாமனாருக்கும் சந்தோஷம், கோயிலுக்குப் போன மாதிரியும் ஆயிற்று.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது நான்கு வாரம் வண்டி நிற்கும். கிளம்பும் முன் நன்றாக ஓட்டிக் காயவைத்து, ஹேண்ட்பிரேக் இல்லாமல் கட்டை வைத்துவிட்டுப் போகிறோம். சாவி நாத்தனார் வீட்டுக்காரரிடம் இருக்கும், முடிந்தபோது வந்து ஓட்டுவார்.

அவர் வாங்கியிருப்பது மின்கார், அதில் இந்தக் கதை இன்னும் மோசம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தி பேட்டரிக்கு மின்சாரம் திருப்பிவிடுகிறது, டிஸ்க்குக்கு வேலையே வருவதில்லை. ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3, ஐடி.4 மின்கார்களில் பின்னால் டிரம் பிரேக்கே வைத்தது சும்மா இல்லை. டிரம்மில் உரசுகிற பாகம் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது, மழையும் வாளித் தண்ணீரும் எளிதில் போய்ச் சேராது. 'நாலு வீலும் டிஸ்க்' என்பதற்காக அதிகக் காசு கொடுத்து மேல் வேரியண்ட் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது ஒன்று தோன்றுகிறது. மலைப்பாதையும் நெடுஞ்சாலையும் அதிகம் ஓட்டுகிறவருக்கு அது சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுகிற மும்பை வண்டிக்குப் பின்னால் டிரம் இருந்தால் அதில் ஒரு குறைச்சலும் இல்லை. எங்கள் அடுத்த வண்டியில் அதைத்தான் கேட்டு வாங்குவேன்.

அதுவரை, சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் இதை எழுதச் சொல்கிறேன்: பின் சக்கரக் கேலிப்பர் பின்கள் இரண்டு பக்கமும் கையால் சறுக்குகின்றனவா என்று பார்க்கவும், பேட் காதுகள் உட்காரும் இடத்தைத் துரு நீக்கவும், ஹேண்ட்பிரேக் லீவர் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்கவும். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள், எழுதினால் செய்கிறார்கள். பேட் மாற்றினால் கழற்றிய பழைய பேட் நான்கையும் எந்தச் சக்கரத்தில் எந்தப் பக்கம் இருந்தது என்று மார்க்கரால் எழுதி டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரே சக்கரத்தின் உள்பேடும் வெளிப்பேடும் தடிமனில் ஒத்துப்போகவில்லை என்றால், வண்டியை அங்கிருந்து எடுக்காதீர்கள்.